திரும்பும் வழி

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்கிறது; அதன்மேல்
யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்.
நான்காம் மாடியில் விர்கே
ஒரு வாக்கியத்தை ஏழாவது முறையாக அழிக்கிறாள்.

"உடனடியாக மேம்படுத்தவும்."

யார் கேட்டார்கள் இதை?
சிவப்பு எழுத்தில் போட்டாள்.
தடித்த எழுத்தில் போட்டாள்.
எந்த ஓட்டை வழியே எவன் நுழைவான்,
நுழைந்தால் எதை அள்ளிப்போவான் என்று
எண் போட்டுப் பட்டியல் தந்தாள்.
படித்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே மாறியவர்கள்.

அவள் பராமரிக்கும் மென்பொருளின் பெயர் தூவி.
அவள் மொழியில் அது புறா;
நம் மொழியில் அதன் இறகு.
மின்னஞ்சல் சுமக்கும் சர்வர். இலவசம்.
மூலநிரல் திறந்தே கிடக்கும், யாரும் எட்டிப் பார்க்கலாம்.
நான்காம் பதிப்பு பறக்கத் தொடங்கி வருடமாகிறது.
பாதிப் பேர் இன்னும்
இரண்டாம் பதிப்பின்மேல் அடைகாத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரெமிஹியோ அவர்களில் ஒருவர்.
பூமியின் மறுபக்கம், சிலோயே தீவு.
மட்டி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர்;
சர்வரையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்,
குளிர்பதன அறையின் சாவியையும்.
ஒரு முறை எழுதியிருந்தார்:
"ஓடுகிறது. ஏன் தொட வேண்டும்?"

சும்மா கிடக்கிற சங்கு என்று
நாம் சொல்லியிருப்போம்.
சோம்பல் என்று நினைத்தாள் விர்கே.
பிறகு ஓர் இரவு
பழைய புகார்களைத் துழாவும்போது
அதே பெயர், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியில்:

"மூன்றாம் பதிப்புக்கு மாறினேன்.
வரிசையில் நின்ற அஞ்சல்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.
இப்போது பூஜ்யம்.
அதில் ஒன்று வங்கிக்குப் போக வேண்டியது.
எப்படித் திரும்புவது?"

கீழே அவளுடைய பதில். ஒற்றை வரி.
"குறிப்பில் இருக்கிறதே, படிக்கவில்லையா?"

குறிப்பில் இருக்கத்தான் செய்தது.
நாற்பதாவது பத்தியில்,
'மேலும்' என்று தொடங்கும் வாக்கியத்தில்.
அதைத் தேடாமல்
மனிதர் தானே தட்டுத்தடுமாறி
இரண்டுக்குத் திரும்பியிருக்கிறார்.

சூடு கண்ட பூனை என்று சொல்லலாம்தான்.
அடுப்பை மூட்டியது யார்?

மூன்று வாரம் அவள்
புதிய வசதி ஒன்றுக்குக்கூட நிரல் எழுதவில்லை.
பொதியைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள்.
பயனர் கைப்பட மாற்றிய அமைவுக் கோப்பைத் தொடாதே,
பக்கத்தில் புதியதை வை, வித்தியாசத்தைக் காட்டு.
வரிசையில் ஓர் அஞ்சல் நின்றாலும் நில்.
நகல் எடு.
எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பார்.
பெயர் மாறிய கட்டளையைப் பழைய பெயரால் கூப்பிட்டால்
முகம் சுளிக்காமல் ஓடி வா.

ஆவணத்தின் கடைசி அத்தியாயத்தைத் தூக்கி
முதலில் வைத்தாள்:
'பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்புவது எப்படி.'
பதினொரு முறை அவளே திரும்பிப் பார்த்தாள்,
அலமாரியில் கிடந்த மடிக்கணினியில், கடிகாரம் வைத்து.
'சில நிமிடங்கள்' என்பதை அடித்துவிட்டு
'இருபத்தாறு நிமிடம்' என்று எழுதினாள்.

கூட வேலை செய்யும் இந்த்ரெக் சிரித்தான்.
முன்னே போகச் சொல்லும் ஆவணம்
பின்வாசலில் தொடங்குமா?
"பூட்டிக்கொள்ளும் கதவு என்று தெரிந்தால்
நீ உள்ளே போவாயா?"

'உடனடியாக மேம்படுத்தவும்' இருந்த இடத்தில் இப்போது:
மூன்றாம் பதிப்பு சிலருடைய அஞ்சல்களைத் தொலைத்தது.
பிழை எங்களுடையது.
இந்த முறை என்ன செய்திருக்கிறோம் என்பது கீழே.

வெளியிட்டாள்.
ஒரு வாரம் ஒன்றுமில்லை.
இன்னொரு வாரம்.
ஆற்றில் பனி விரிசல் விட்டது.

மார்ச் கடைசியில்,
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம்,
அங்கே முற்பகல், ஓர் அஞ்சல்.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.
"ஐந்தாம் படியில் ஓர் எழுத்துப்பிழை. ரெமிஹியோ."

ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே,
அஞ்சலின் தலைவரிகளைப் பிரித்துப் பார்த்தாள்:
அனுப்பியது இரண்டாம் பதிப்புதான், இன்னும்.

ஐந்தாம் படி.
மொத்தம் எட்டு.